போசி விளிம்பில் நீலப் புள்ளி

இரண்டு கைகள் ஒரு பழைய பித்தளை வலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்திருந்தன. தேயிலைத் தூள் ஓயாமல் விழுந்து விழுந்து வலையின் நடுப்பகுதி பிய்ந்துபோயிருந்தது. ஓரங்களில் மட்டும் இன்னும் உயிர் இருந்தது. வலது கட்டைவிரலின் நகம் ஓரத்தை வரி வரியாக வருடிக்கொண்டே போய், ஒரு கண் பெரிதாகிப்போன இடத்தில் நின்றது. அந்த இடத்தைத் தள்ளிக் கத்தரி இறங்கியது.

வெட்டிய துண்டுகளில் நான்கு சுவர்களாக நின்றன. ஒன்று கூரையாக உட்கார்ந்தது. மூலைகளுக்குத் தேயிலைப் பெட்டியின் விளிம்பில் அடிக்கிற தகரப் பட்டை. தைப்பதற்குக் கம்பி வாங்கவில்லை. கழித்த துண்டிலிருந்தே ஓர் இழையை உருவி, அதையே நூலாக்கி, வலையையும் பட்டையையும் கண் கண்ணாகச் சேர்த்துத் தைத்தன அந்தக் கைகள். தைத்த ஓரத்தை மரக்கட்டையால் மெல்லத் தட்டி, அதன்மேல் ஒரு துணுக்குப் பஞ்சைத் தடவின. பஞ்சு எங்கே மாட்டியதோ அங்கே ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முள்ளை மடக்கிவிட்டு மறுபடியும் பஞ்சு.

ஒச்சப்பனின் கைகள் அவை. பைக்காராவிலிருந்து கிளென்மார்கன் பக்கம் போகும் வழியில் பிரிந்து இறங்குகிற ஒரு மண்சாலையின் கடைசியில் இருந்த தேயிலை எஸ்டேட்டில், ஃபாக்டரிச் சல்லடைகளைப் பழுது பார்ப்பவர். கீழ்நாட்டிலிருந்து களையெடுக்க வந்த ஆள்தான். முன்பு சல்லடை பார்த்தவர் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைப் பார்க்கப் போய்விட, கிழிந்த வலைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துத் தானாகவே அந்த வேலையைப் பிடித்துக்கொண்டார்.

பொடித் தேயிலையில் பெரிய துணுக்கு ஒன்று வந்து விழுந்தால் ஃபாக்டரியை நடத்துகிற டீ மேக்கர் ஆட்களைத் திட்டுவார். ஒச்சப்பனோ வலையைக் கழற்றுவார். ஓட்டை எங்கேயோ இருக்கிறது, அது வாயைத் திறந்து சொல்லாது, தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கை ஃபாக்டரியோடு நிற்கவில்லை. கடையில் மண்ணெண்ணெய் ஊற்றினால் விரலில் தொட்டு முகர்ந்து பார்ப்பார். தராசை இரண்டு பக்கமும் மாற்றி நிறுக்கச் சொல்வார். அவர் மனைவி மூக்கம்மா பைப்படியில் நின்று சொல்லுவாள்: “என்னையக் கட்டி மூணு வருசம் கழிச்சுத்தான் கொழம்புல உப்பு சரியா இருக்குதுன்னு ஒத்துக்கிட்டாரு. அதுவரைக்கும் நாக்குலயே நம்பிக்கை இல்லை அந்த மனுசனுக்கு.”

அறுபத்தெட்டாம் வருஷத்து ஆடியில் அவருடைய சந்தேகத்துக்கு நல்ல தீனி கிடைத்தது.

மகள் ராக்கம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது தன் பையன் பாலனை எஸ்டேட்டின் பிள்ளைக் காப்பகமான கிரஷில் விட்டுவிட்டுப் போவாள். தவழ்ந்து முடித்து, சுவரைப் பிடித்து நடக்கிற பருவம். அவனுக்கு வயிறு கெட்டது. முதலில் சளி சளியாக, பிறகு ரத்தம். கூடவே இன்னும் சில பிள்ளைகளுக்கும். ஒரு பெண் குழந்தைக்கு வாய் வழியாகவே நாக்குப்பூச்சி வந்தது. டிஸ்பென்சரி கம்பவுண்டர் அம்புரோஸ் பிள்ளைகளின் மலத்தை ஊட்டிக்கு அனுப்பினார். சீதபேதிக் கிருமியும் பூச்சி முட்டையும் இருப்பதாகப் பதில் வந்தது.

“ஈ மொய்க்காமப் பாத்துக்கங்கன்னு சித்திரையிலிருந்து சொல்லிட்டிருக்கேன். யாராச்சும் காதுல வாங்குனீங்களா?” என்றார் அம்புரோஸ்.

“ஏனுங்க சார், இந்தக் குளிருக்கு மனுசனே வெளிய வாறதில்லை. ஈ எங்கிருந்துங்க வரும்?” என்றார் ஒச்சப்பன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற அந்த லைனே சிரித்தது.

ஈயை அவர் நம்பவில்லை. ஆளைத்தான் தேடினார். முதலில் பால்காரன் கருப்புசாமி மாட்டிக்கொண்டான். அவன் வரும் வழியில் தேயிலைச் செடிக்குள் குந்தியிருந்து, தண்ணீர் கலக்க ஓடையருகே கேனை இறக்குகிறானா என்று பார்த்தார். அவன் இறக்கவில்லை. ஆனாலும், “நான் பாக்கறது அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்” என்று வீட்டில் சொன்னார்.

கருப்புசாமியின் பால் பெரிய ஆட்களும் குடிக்கிற பால். கெட்டதோ கிரஷ் பிள்ளைகளின் வயிறு மட்டும். ஆகவே ஓட்டை கிரஷில்தான். அங்கே இருப்பது ஒரே ஓர் ஆள், ஆயா சாந்தாமணி.

கிரஷுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு தாயும் பிள்ளைக்கான பாலைக் காய்ச்சித் தூக்குப்போசியில் கொண்டுவந்து கொடுப்பாள். சூடு ஆறாமல் இருக்கச் சாந்தாமணி அவற்றை அடுப்பங்கரைத் திண்டில் வரிசையாக வைப்பாள். மூடியை முழுக்க அழுத்தக் கூடாது; ஒரு விரல் அளவுக்குத் திறந்திருக்க வேண்டும். அழுத்தி மூடினால் உள்ளே ஆவி வேர்த்துச் சொட்டிப் பால் திரிந்துவிடும் என்பது தாய்மார்களின் சட்டம். மூடி அழுந்தியிருந்தால் சாயந்திரம் அவளுக்குத்தான் ஏச்சு விழும்.

கதவுக் கீல் ஆடுகிறது என்று தானே ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொண்டு ஒச்சப்பன் அங்கே போனார். மழை விட்டு, மூடுபனி கலைந்து, நாலு நாளாக வெயில் அடித்த சமயம். கீலைத் திருகியபடியே கண்ணைத் திண்டில் வைத்திருந்தார். பேரனின் போசி வெள்ளை எனாமல் போட்டது. அதன் விளிம்பில் கடுகை விடச் சின்னதாக ஒரு புள்ளி இருந்தது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் நீலம்.

அந்த நீலத்தை எஸ்டேட்டில் தெரியாதவர் இல்லை. தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் வராமல் மழைக்காலம் பூராவும் அடிக்கிற தாமிர மருந்தின் நிறம் அது. மருந்தடிக்கிற கும்பலில் முதல் ஆள் வேலுமணி, சாந்தாமணியின் புருஷன். அவன் நகக்கண்ணில் ஆடி ஆவணி முழுக்க நீலம் போகாது.

ஒச்சப்பன் கீலைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். மனைவியிடம் மட்டும்தான் சொன்னார். மூக்கம்மா பைப்படியில் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குள், சாந்தாமணி பிள்ளைகளுக்குப் பாலில் மருந்து கலந்து கொடுக்கிறாள் என்று லைன் முழுக்கப் பேச்சாகிவிட்டது. பிள்ளையில்லாதவள், அதனால் வயிற்றெரிச்சல் என்று ஒருத்தி காரணத்தையும் சேர்த்துவிட்டாள்.

மறுநாள் கிரஷுக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. பெண்கள் பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு கொழுந்துக் காட்டுக்குப் போனார்கள். ஈரக் கம்பளிக்குள் குழந்தைகள் இருமின. கண்டக்டர் மாரிச்சாமி, தோட்ட வேலைகளை மேற்பார்க்கிறவர், சாந்தாமணியைக் கூப்பிட்டு, “திங்கக்கிழமை தொரைகிட்ட பேசறேன். அதுவரைக்கும் சாவியைக் குடுத்துரு” என்றார். புருஷன் பெயரில் ஒரு வேலை, அவள் பெயரில் ஒரு வேலை. இந்தக் கெட்ட பெயரோடு போனால் இரண்டும் போகும். வேறு எஸ்டேட்டிலும் சேர்க்க மாட்டார்கள். மலையில் பேச்சு பஸ்ஸை விட வேகமாகப் போகும்.

சாவியைக் கொடுக்காமல் அவள் நேரே ஒச்சப்பன் வாசலுக்கு வந்தாள்.

“ஏனுங்கண்ணா, நான் நீல மருந்து கலக்கறதைக் கண்ணால பாத்தீங்களா?”

“கலக்கறதைப் பாக்கலை. நீலத்தைப் பாத்தேன்.”

“நீலம் எங்கூட்டுல மட்டுந்தான் இருக்குதா? எஸ்டேட்டே நீலமாக் கெடக்குது.”

“உன் புருசன் கையைத் தொட்ட கைதானே போசியையும் தொடுது?”

“எம்புருசன் கையை நான் எப்பத் தொடறேன், எப்பத் தொடலைங்கறதெல்லாம் உங்க சல்லடையில சலிச்சுப் பாக்கற கணக்கா?” என்றாள் அவள். சுற்றி நின்ற பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தாள். சாந்தாமணி சிரிக்கவில்லை. “ஞாயித்துக்கெழமை வாங்க. போசியை நீங்களே கழுவுங்க. பாலை நீங்களே ஊத்துங்க. நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துக்கறேன். அப்பறமும் நீலம் வந்துதுன்னா உங்க வாயால நாலு பேருக்குச் சொல்லோணும்.”

ஒச்சப்பன் ஒப்புக்கொண்டார். அவள் இவ்வளவு துணிச்சலாகக் கூப்பிடுவதிலேயே ஏதோ சூது இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் போசியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். துடைத்த துணியையும் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். பாலைக் காய்ச்சி ஊற்றி, வழக்கப்படி மூடியை ஒரு விரல் திறந்து வைத்து, திண்டுக்கு எதிரே மணையில் உட்கார்ந்தார். சாந்தாமணி எதிர்ச் சுவரோரம் அமர்ந்து, இரண்டு கைகளையும் முந்தானையில் சுற்றி முடிச்சுப் போடச் சொன்னாள். முடிச்சை ராக்கம்மா போட்டாள். ஒச்சப்பன் எழுந்து போய் அந்த முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். வாசலில் தாய்மார்கள் கூடியிருந்தார்கள். உள்ளே வரவேண்டாம் என்று அவர்களுக்கு உத்தரவு.

அடுப்பு எரிந்தது. எஸ்டேட்டிலேயே ஃபாக்டரிக்கு அடுத்தபடியாகக் கதகதப்பான இடம் அதுதான். வெளியே பனி விலக விலக, ஜன்னல் வழியாக ஒரு ஈ வந்தது. அடுப்புக் கல்லில் உட்கார்ந்து காலைத் தேய்த்தது. பிறகு இன்னும் இரண்டு. ஒச்சப்பன் அவற்றைப் பார்க்கவில்லை. சாந்தாமணியின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னைய எதுக்குங்க பாக்கறீங்க? போசியைப் பாருங்க” என்றாள் அவள்.

பார்த்தார். மூடியின் இடுக்கில் ஒரு ஈ நுழைந்து, பாலாடை ஒட்டியிருந்த உள்விளிம்பில் நடந்து, வெளியே வந்து விளிம்பின் மேல் நின்றது. வாயை இறக்கி எதையோ வைத்தது. பறந்தது. அது நின்ற இடத்தில் ஒரு புள்ளி.

ஒச்சப்பன் எழுந்து கிட்டப் போனார். நீலம்.

முதலில் தன் கண்ணைச் சந்தேகப்பட்டார். துணியால் புள்ளியைத் துடைத்தார். துணியில் நீலம் இழுபட்டது. மறுபடியும் உட்கார்ந்தார். மறுபடியும் ஒரு ஈ, மறுபடியும் ஒரு புள்ளி. அடுத்ததைக் கண்ணாடித் தம்ளர் கவிழ்த்துப் பிடித்தார். தம்ளரை அப்படியே ஒரு அட்டையின் மேல் நகர்த்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே, வலையைப் பிடிப்பது போலவே பிடித்துப் பார்த்தார். ஈயின் காலில் மயிர் மயிராக இருந்தது. அந்த மயிர்களில் நீலச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.

“முடிச்சை அவுத்து விடச் சொல்றீங்களா, இல்லை இன்னுங் கொஞ்ச நேரம் கட்டிப் போடறீங்களா?” என்றாள் சாந்தாமணி.

அவர் ராக்கம்மாவைப் பார்த்து முடிச்சை அவிழ்க்கச் சொன்னார். தம்ளரைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனார். அம்புரோஸ் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பிறகு, “கால்ல ஒட்டுனது பாதிதான். ஈக்குப் பல்லு இல்லை. திங்கறதுக்கு முந்தி வயித்துல இருக்கறதைக் கக்கி, கரைச்சு, உறிஞ்சும். போன எடத்துல தின்னதை வந்த எடத்துல கக்கும். இது நீலத்தைக் கொண்டாந்ததால நம்ம கண்ணுக்குத் தெரிஞ்சுது. கூட என்ன கொண்டாந்துதுன்னு தெரியாது பாருங்க, அதுதான் புள்ளைங்க வயித்துல இருக்குது” என்றார்.

“நீலச் சேறு எங்க கெடக்குதுங்க?”

“அதை நீங்கதான் கண்டுபிடிக்கோணும். ஓட்டை தேடற ஆளு நீங்கதானே.”

இரண்டு பேரும் லைனுக்குப் பின்னால் இறங்கினார்கள். அங்கே ஒரு வடிகால் பள்ளம். மேலே தண்ணீர்க் குழாய் இருந்ததால் மருந்துக் கும்பல் தினமும் டிரம்மையும் பம்பையும் அங்கேதான் கழுவும். வெயிலில் பள்ளத்தின் சேறு நீலமாக ஏடு கட்டியிருந்தது. தண்ணீர் ஓடுகிற இடம் என்பதால் லைன் பிள்ளைகள் வெளிக்கு உட்காருவதும் அங்கேதான். நீலத்துக்கு நடுவே குவியல் குவியலாக. அவற்றின் மேல் ஈக்கள், இறைத்த எள் போல. காலடிச் சத்தம் கேட்டதும் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, கிரஷின் புகைபோக்கி இருந்த திசையில் பாதி போயின. மீதி திரும்ப உட்கார்ந்தன.

பள்ளத்தின் மறு ஓரத்தில் மூக்கம்மா நின்றிருந்தாள். பேரனின் இரண்டு கைகளையும் பிடித்துக் குந்தவைத்திருந்தாள்.

“இங்க எதுக்குடீ கொண்டாந்தே அவனை!” என்று கத்தினார் ஒச்சப்பன்.

மூக்கம்மா நிதானமாக நிமிர்ந்து பார்த்தாள். “வேற எங்க கொண்டுபோறது? கக்கூசுலதான் உங்க விறகு இருக்குதே.”

அம்புரோஸ் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

உண்மைதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எஸ்டேட் லைனுக்குக் கக்கூஸ் கட்டிக் கொடுத்திருந்தது. புதுத் தகரம், சிமென்ட் தரை. லைன் வீடுகளின் கூரை மழையில் ஒழுகும். ஒழுகாத கூரை அது ஒன்றுதான். மழைக்காலத்தில் விறகு நனைந்தால் அடுப்பு எரியாது, அடுப்பு எரியாவிட்டால் பாலும் இல்லை, சோறும் இல்லை, குளிர் காய வழியும் இல்லை. முதல் மழையிலேயே ஒருவர் விறகைக் கொண்டுபோய் அதற்குள் அடுக்கினார். அதைப் பார்த்து எல்லோரும் ஆளுக்கொரு அறையைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் அடுக்கியவர் ஒச்சப்பன். யாராவது ஒரு கட்டையை உருவிவிடக் கூடாது என்று கதவில் ஒரு பூட்டும் போட்டிருந்தார்.

அன்று சாயந்திரம் அவர் பூட்டைத் திறந்து விறகை வெளியே எடுத்தார். தூறல் போட ஆரம்பித்திருந்தது. கட்டைகள் வாசலில் நனைந்தன. லைன் வேடிக்கை பார்த்தது.

“என்னுங்கண்ணா, விறகுக்கும் வயித்தால போவுதுங்களா?” என்றான் ஒருவன்.

“ஈ,” என்றார் ஒச்சப்பன். “போசியில நீலம் வெச்சது ஈ. அந்தப் புள்ள கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா, நான் எதிர்லயே இருந்தேன். பள்ளத்துல இருக்கறதையெல்லாம் அது காலுல அப்பிக்கிட்டு வருது. நாம வெளிக்குப் போறதும் அங்கதான், நம்ம புள்ளைங்க குடிக்கறதும் அதைத்தான்.”

கூட்டம் சட்டென்று நம்பிவிடவில்லை. ஒருத்தி, சாந்தாமணி இவருக்கு ஏதாவது கொடுத்திருப்பாள் என்றாள். இன்னொருவன், எல்லாரையும் விறகை எடுக்க வைத்துவிட்டு இவர் ஒருவரே எல்லா அறையையும் வளைத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்றான். வேறொருவர் சொல்லியிருந்தால் தானும் இதையேதான் நினைத்திருப்பார் என்பது ஒச்சப்பனுக்குத் தெரியும். ஆகவே கோபப்படவில்லை. தம்ளரை எடுத்துவந்து கையில் கொடுத்தார். ஈ செத்திருந்தது, காலில் நீலம் அப்படியே இருந்தது. தம்ளர் கை மாறிக் கை மாறிப் போனது. ராக்கம்மா அதைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டு எனாமல் போசி ஞாபகம் வந்தவள் போல வாயை மூடிக்கொண்டாள்.

மாரிச்சாமி கண்டக்டரிடம் ஒச்சப்பனே போனார். திங்கட்கிழமை துரையிடம் பேச்சு சாந்தாமணியைப் பற்றி நடக்கவில்லை. டிரம் கழுவ வேறு இடமும், விறகுக்கு ஒரு தகரக் கொட்டகையும் வேண்டும் என்று நடந்தது. இடம் உடனே மாறியது. கொட்டகைக்கு, பார்க்கலாம் என்ற பதில்தான் கிடைத்தது. ஆனாலும் சில வீடுகளின் விறகு வெளியே வந்தது. சில வீடுகளுடையது வரவில்லை.

சாந்தாமணி கிரஷைத் திறந்து அடுப்பை மூட்டினாள். ஆனால் பிள்ளைகளை விட வந்த தாய்மார்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மூடியை அழுத்தி வைத்தால் பால் திரியும். திறந்து வைத்தால் ஈ. இரண்டில் எதைச் செய்தாலும் பழி தன் தலையில்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. “முடிவை நீங்களே சொல்லுங்க. நான் மூடியைத் தொடமாட்டேன்” என்று கையைக் கட்டிக்கொண்டாள். பிள்ளைகள் மறுபடியும் முதுகில் ஏறிக் காட்டுக்குப் போயின.

அதனால்தான் ஒச்சப்பன் டீ மேக்கரிடம் கேட்டு, கழித்துப் போட்டிருந்த பன்னிரண்டாம் நம்பர் வலையை வாங்கிவந்து, ஜன்னலோரம் உட்கார்ந்தார். வலைக்குள்ளே போசிகளின் மூடி திறந்தே இருக்கலாம்; ஆவி போகும், ஈ வராது. அடியில்லாத கூண்டு, திண்டில் கவிழ்த்தால் எல்லாப் போசியும் உள்ளே அடங்கும். திண்டு மேடு பள்ளமாக இருந்ததால் அடிப் பட்டையைச் சுற்றிப் பழைய கம்பளியை மடித்துத் தைத்தார். பஞ்சு எங்கும் மாட்டாமல் ஒரு சுற்று முழுக்க ஓடிய பிறகே எழுந்தார்.

விடிந்ததும் தோளில் தூக்கிக்கொண்டு போனார். தாய்மார்கள் வாசலில் நின்றார்கள். ராக்கம்மாவின் இடுப்பில் பாலன், இளைத்துப்போய், கண் மட்டும் பெரிதாக. “அப்பிச்சி” என்று தாத்தாவிடம் கையை நீட்டினான்.

ஒச்சப்பன் கூண்டைச் சாந்தாமணியின் முன்னால் வைத்தார். “ஈ போகாது” என்றார்.

“நீங்க சொன்னாப் போதுங்களா?”

அவள் கூண்டைத் தூக்கி வாசல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். ஒவ்வொரு சுவராகத் திருப்பினாள். கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை வருடிக்கொண்டே போனாள். இதை எங்கே கற்றுக்கொண்டாள் என்று ஒச்சப்பனுக்குச் சந்தேகம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தம்ளரைப் பிடித்துப் பார்த்த விதத்தை அவள் முடிச்சுப் போட்ட கையோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

நகம் ஒரு மேல் மூலையில் நின்றது.

“இங்க ஒண்ணு இருக்குதுங்க.”

அவர் குனிந்து பார்த்தார். கூரையும் இரண்டு சுவர்களும் சேரும் இடத்தில், பட்டை மடிந்த இடுக்கில், ஒரு வழி இருந்தது. ஈ கொஞ்சம் நெளிந்தால் போய்விடும். வாசலில் யாரோ சிரித்தார்கள். மூக்கம்மாவின் குரல் மாதிரி இருந்தது.

ஒச்சப்பன் சட்டைப் பையிலிருந்து பித்தளை இழையை எடுத்தார். வாசற்படியில் உட்கார்ந்து மூலையைத் தைத்தார். பஞ்சைத் தடவினார். கூண்டை ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு எழுந்து, இரண்டு கைகளாலும் அவளிடம் நீட்டினார். அவள் மறுபடியும் அந்த மூலையை மட்டும் பார்த்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.